வண்டியின் காவற்குரல்

வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகள் பல. அவற்றுள் ஒன்றிலே, இரவு இரண்டு மணியளவில், மதிலோரம் நிறுத்தப்பட்டிருந்த கார் ஒன்று திடீரென ஓலமிடத் தொடங்கியது. அதன் விளக்குகள் பளிச்சிட்டு அணைந்தன. ஊளைச் சத்தம் தொடர்மாடிச் சுவர்களில் மோதி எதிரொலித்தது. ஆயினும் ஒரு யன்னலாவது திறக்கவில்லை. ஒரு விளக்காவது ஏற்றப்படவில்லை. அரை நிமிடம் அலறிய பின் அது தானே ஓய்ந்தது. பொழுது விடிந்தபோது அந்தக் காரின் பக்கக் கண்ணாடிகள் இரண்டும் காணாமற் போயிருந்தன.

காருக்கு உரியவர் கொட்டாஞ்சேனையிலே கடை வைத்திருக்கும் ஒரு வணிகர். பகல் முழுவதும் அந்தக் கார் ஜம்பட்டா வீதிப் பக்கத்திலே நிற்கும். இரவிலே வெள்ளவத்தை ஒழுங்கையிலே நிற்கும். அயல்வீட்டிலே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். நோயுற்ற கணவரைப் பராமரிப்பதால் இரவிலே பெரும்பாலும் விழித்திருப்பவர். காலையிலே அவர் வாசலுக்கு வந்து வருத்தத்தோடு சொன்னார்: “தம்பி, சத்தம் எனக்குக் கேட்டது. ஒவ்வோர் இரவும் அழுகிற அழுகைதானே என்று எண்ணி இருந்துவிட்டேன்.”

“பிழை உங்களுடையது அல்ல, ரீச்சர். வீணாக அழுவதற்கு அதைப் பழக்கியவன் நான்தான்” என்றார் வணிகர்.

வாகனத்துக்கு எச்சரிக்கைக் கருவி பூட்டுவது பற்றிச் சொல்ல வேண்டியவற்றுள் முதன்மையானது இந்த மறுமொழியிலே அடங்கியிருக்கின்றது. புலி வருகின்றது என்று பொய்யாகக் கூவிய இடையச் சிறுவனின் கதையைப் பாலர் வகுப்பிலேயே படித்தவர்கள், தங்கள் வண்டியை மட்டும் அந்தச் சிறுவனாக்கித் தெருவிலே நிறுத்திவிடுகின்றார்கள். கருவி திருடனைப் பிடிப்பதில்லை. அது மனிதரை அழைக்கின்றது. அழைப்பை மனிதர் நம்பாவிடில், எத்தனை விலை கொடுத்து வாங்கிய கருவியும் வெறும் இரைச்சற் பெட்டியே.

தமிழர் நகர வாழ்வுக்குக் காவல் புதியதன்று. மதுரைக்காஞ்சியிலே, நள்ளிரவில் ஏணியோடு திரியும் கள்வரும், அவர்களுடைய வழிகளை அறிந்து மழையிரவிலும் சோர்வின்றி உலாவும் ஊர்காவலரும் காட்டப்படுகின்றனர். அந்தக் காவலருக்கு இரண்டு ஆற்றல்கள் இருந்தன. ஒன்று, கள்வனைப் பிறரிலிருந்து பிரித்தறியும் கண். மற்றது, அவனைத் தடுக்கும் கை. இக்காலத்துக் கருவியைத் தெரிவு செய்பவரும் இவ்விரண்டையுமே தேடவேண்டும். பெரும்பாலோர் தேடுவதோ மூன்றாவதாகிய குரலை மட்டுமே.

இலங்கையிலே இது சிறு விடயமன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான். அப்பொழுதும் வரி மிக உயர்வாகவே இருந்தது. இடையிலே பழைய காருக்கும் வான் வண்டிக்கும் விலை ஏறிற்று; உதிரிப் பாகங்களுக்கும் அவ்வாறே. ஒரு குடும்பத்துக்கு வீட்டுக்கு அடுத்தபடியான பெருஞ்சொத்து வாகனமே. அதைக் கொண்டே உழைப்பவருக்கு அது சொத்து மட்டுமன்று, அன்றாடச் சோறும் ஆகும். ஆகவே களவு போவது இரும்பும் கண்ணாடியும் மாத்திரமல்ல.

கருவி வாங்க முன்னர் உரியவர் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளல் வேண்டும்: எந்தக் களவுக்கு அஞ்சுகின்றோம்? வண்டி முழுவதையும் ஓட்டிச் செல்வது ஒரு களவு. கண்ணாடி, பற்றரி, சில்லு முதலியவற்றைக் கழற்றிச் செல்வது மற்றொரு களவு. உள்ளே வைத்த பையையோ கணினியையோ எடுத்துச் செல்வது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து ஒன்றன்று. கழற்றும் திருடனுக்கு அரை நிமிடம் போதும். அவனைத் துரத்துவது குரலும் வெளிச்சமும் அயலவர் கண்ணுமே. ஓட்டிச் செல்லும் திருடனுக்குக் குரல் ஒரு பொருட்டன்று. இயந்திரத்தை உயிர்பெறாமற் செய்யும் தடையே அவனை நிறுத்தும். பையைக் காப்பதற்கோ கருவியே வேண்டியதில்லை. அதை ஆசனத்திலே விட்டுச் செல்லாதிருத்தலே போதும்.

இயந்திரத்தை இயங்காமற் செய்யும் இத்தடையின் பெருமையை உலகம் அனுபவத்தால் அறிந்தது. ஐரோப்பிய நாடுகளில் 1998ஆம் ஆண்டு முதலும், அவுஸ்திரேலியாவிலே 2001 முதலும், கனடாவிலே 2007 முதலும் புதிய கார்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அத்தகைய கட்டாயம் இல்லை. அங்கே ஹியுண்டாய், கியா என்னும் கார்களிற் பல இத்தடை இல்லாமலே விற்கப்பட்டன. அவற்றைத் திருடும் முறையைக் காட்டும் படங்கள் 2021, 2022ஆம் ஆண்டுகளில் கைத்தொலைபேசிகள் வழியே பரவவே, நகரங்கள் பலவற்றிலே களவு பெருகிற்று. 2023ஆம் ஆண்டு பெப்ரவரியிலே அந்த நிறுவனங்கள் திருத்தம் ஒன்றை இலவசமாக வழங்கின. ஊளை ஒலிக்கும் நேரம் 30 விநாடியிலிருந்து ஒரு நிமிடமாயிற்று. ஆயினும் முக்கியமான மாற்றம் அதுவன்று; திறப்பு உள்ளே இருந்தாலன்றி இயந்திரம் தொடங்காது என்பதே முக்கியமான மாற்றம். குரலை நீட்டுவதோடு கையையும் கொடுத்தார்கள்.

ஆதலால் முதல் வேலை கடைக்குப் போவதன்று; தம் வண்டியிலே ஏற்கெனவே என்ன உண்டு என்று பார்ப்பதே. பல கார்களிலே இத்தடை தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டிருக்கும். திறப்பை எடுத்துவிட்டால், முன்தட்டிலே திறப்பின் உருவமோ பூட்டின் உருவமோ கொண்ட சிறு செவ்விளக்கு விட்டுவிட்டு மின்னுவது அதற்கு ஓர் அடையாளம். யப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த வண்டிகளின் கைநூல் யப்பானிய மொழியிலே இருப்பதால், உரியவர் தம்மிடம் இருப்பதையே அறியாமல் இரண்டாவது கருவிக்குப் பணம் செலவிடுவதும் உண்டு.

இனி, கருவியின் உறுப்புகளை நோக்கலாம். வெளியிலே தனியாக வாங்கிப் பூட்டும் எச்சரிக்கைக் கருவிக்குப் பொதுவாக நான்கு உறுப்புகள் உண்டு. அதிர்வையும் கதவு திறப்பதையும் உணரும் உணரி ஒன்று. முடிவு செய்யும் பெட்டி ஒன்று. ஊளையிடும் குழல் ஒன்று. இயந்திரத்தின் மின்சுற்றைத் துண்டிக்கும் ரிலே ஒன்று. இவற்றோடு, உரியவர் கையில் இருக்கும் ரிமோட் ஆணையிடும் கோலாகும். கடைக்காரர் பெரும்பாலும் ஊளையை ஒலித்துக் காட்டியே விற்பார். வாங்குபவர் கேட்க வேண்டியவை வேறு மூன்று.

முதற் கேள்வி: ரிமோட் ஒவ்வொரு முறையும் புதிய குறியீட்டை அனுப்புமா, என்றும் ஒரே குறியீட்டையே அனுப்புமா? ஒரே சொல்லை நாள்தோறும் சொல்லிக் கதவைத் திறப்பவனுடைய இரகசியம், ஒருமுறை ஒட்டுக் கேட்டவனுக்கும் சொந்தமாகிவிடும். மலிவான கருவிகளிற் சில இவ்வகையின. ஒவ்வொரு முறையும் குறியீடு மாறும் முறை இதைத் தடுப்பதற்காகவே ஏற்பட்டது. அவற்றுள் புகழ்பெற்ற கீலொக் என்னும் முறை 1980களிலே தென்னாபிரிக்காவில் உருவானது. அதையும் 2008ஆம் ஆண்டிலே யேர்மனியின் போகம் நகரப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் உடைத்துக் காட்டினர். அழியாத பூட்டு உலகில் இல்லை. எனினும் தெருத் திருடனுக்கு ஆய்வுகூடம் இல்லை. ஆகவே மாறும் குறியீடே தெரிவுக்குரியது.

இரண்டாவது: அதிர்வுணரி இரு படிகளில் வேலை செய்யுமா? நல்ல கருவி இலேசான தட்டுக்கு ஓரிரு சிறு கீச்சொலியால் எச்சரித்து அடங்கிவிடும். பலத்த அதிர்வுக்கே முழுக்குரல் எழுப்பும். உணர்திறனைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருத்தல் வேண்டும்.

மூன்றாவது: பூட்டித் தருபவர் யார்? கருவியின் தரம் பாதி, பூட்டும் கையின் தரம் பாதி. பற்றுச்சீட்டும், எழுத்திலே உத்தரவாதமும், எந்த வயரிலே எது இணைக்கப்பட்டது என்னும் சிறு வரைபடமும் தருபவரே ஏற்றவர். வரைபடம் தர மறுப்பவரிடம் வண்டியை ஒப்படைத்தல் தகாது. பின்னாளிலே பழுது பார்க்கும் மற்றொருவர் இருட்டிலே துழாவ வேண்டிவரும்.

பூட்டும் வேலையிலே கவனிக்க வேண்டியவை சில. பற்றரியின் எதிர்மின் முனையை முதலிற் கழற்றுதல் வேண்டும். கருவிக்குச் செல்லும் மின்வயரிலே, பற்றரிக்கு அருகிலேயே உருகி ஒன்று இடுதல் வேண்டும். இல்லையேல் எங்கேனும் வயர் உராய்ந்து உடலோடு பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். இணைப்புகளைப் பற்றாசு பிடித்து உறையிடுதல் நன்று. முறுக்கிச் சுற்றி நாடா ஒட்டிய இணைப்பு, வெள்ளவத்தையின் உப்புக் காற்றிலே விரைவில் பச்சை பூத்துப் போகும். தரைத் தொடுப்பை, வர்ணம் சுரண்டிய சுத்தமான உலோகத்திலே இறுக்குதல் வேண்டும். ஊளைக்குழலின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி இருந்தால் மழைநீர் தேங்கும். இயந்திரத்தின் புகைக்குழாய்ச் சூட்டிலிருந்தும் அது விலகி இருத்தல் வேண்டும். முடிவு செய்யும் பெட்டியை ஓட்டுநர் முழங்காலுக்கு மேலே, கைநீட்டினால் எட்டும் இடத்திலே தொங்கவிடுவது, திறப்பைப் பூட்டிலேயே விட்டுச் செல்வதற்கு ஒப்பாகும். கருவியைத் தற்காலிகமாக நிறுத்தும் சிறிய ஆளியையும் மறைவிலே வைத்து, அதன் இடத்தை வீட்டிலே ஒருவருக்கேனும் சொல்லி வைத்தல் நன்று.

துண்டிக்கும் ரிலேயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பெற்றோல் வண்டியிலே அதை இயந்திரத்தைத் தொடக்கும் மோட்டாரின் சுற்றிலே இணைப்பது பாதுகாப்பான வழி. அங்கே அது பழுதுபட்டால் வண்டி தொடங்காது, அவ்வளவே. ஓடும் வண்டியின் எரிபொருள் பம்பிச் சுற்றிலே இணைத்திருந்தால், ரிலே பழுதுபடும் நாளிலே காலி வீதியின் நடுவே வண்டி செத்து நிற்கும். பின்னால் வரும் பேருந்து அதை அறியாது. டொயோட்டா அக்குவா, பிரியஸ் போன்ற கலப்பு வண்டிகளில் இயந்திரத்தைத் தொடக்குவதற்குத் தனி மோட்டார் இல்லையாதலால், இந்த வழி அங்கே பொருந்தாது. அவ்வகை வண்டியை நன்கு அறிந்தவரே அதைத் தொடல் வேண்டும். அதிலே செம்மஞ்சள் நிற உறையிட்ட தடித்த வயர்களிலே உயிரைக் கொல்லும் மின்னழுத்தம் உண்டு. மஞ்சள் நிற இணைப்புகள் விபத்திலே விரியும் காற்றுப் பைக்கு உரியவை. இவ்விரண்டையும் எச்சரிக்கைக் கருவி பூட்டுபவர் ஒருபோதும் தீண்டலாகாது.

பற்றரிக் கணக்கும் ஒன்று உண்டு. விழித்திருக்கும் காவலனுக்கு உணவு வேண்டுமன்றோ? ஒரு கருவி 20 மில்லி அம்பியர் மின்னோட்டத்தைத் தொடர்ந்து இழுத்தால், ஒரு நாளிலே ஏறக்குறைய அரை அம்பியர்-மணி செலவாகும். 36 அம்பியர்-மணிப் பற்றரி ஐந்து வாரத்திலே பாதி வெறுமையாகும். பற்றரி முதுமையடைந்ததாயின் அதற்கு முன்பே வண்டி தொடங்க மறுக்கும். ஊருக்குப் போய் மாதக்கணக்கிலே வண்டியை நிறுத்திவைப்பவர் இதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பொத்தானை அழுத்தித் தொடக்கும் புதிய வண்டிகளுக்கு வேறோர் ஆபத்து. வீட்டு வாசலுக்கு அருகே மேசையிலே கிடக்கும் திறப்பின் மெல்லிய வானொலி அலையை, திருடர் இருவர் கருவிகளால் வாங்கி நீட்டி, திறப்பு வண்டிக்குள்ளேயே இருப்பதாக வண்டியை மயக்குவர். ஊளைக் கருவியும் ஏமாந்து வாளாவிருக்கும். இதற்குப் பரிகாரம் எளியது: திறப்பை வாசலுக்குத் தூரமாக, இறுக மூடும் தகரப் பெட்டியிலே வைத்தல். பெட்டியோடு திறப்பை வண்டியருகே கொண்டு சென்று, கதவு திறக்கின்றதா என்று பரிசோதித்துப் பார்க்கலாம். திறந்தால் வேறு பெட்டி தேடவேண்டும்.

மேலும், பழைய முறைகளை இகழ்தல் வேண்டாம். சுக்கானைப் பூட்டும் இரும்புத் தடி கண்ணுக்குத் தெரிவதே அதன் பலம். அதைக் கண்ட திருடன் அடுத்த வண்டிக்குப் போவான். பக்கக் கண்ணாடியிலே வாகன இலக்கத்தைச் செதுக்கி வைத்தால், அதை விற்பது கடினமாகும். கண்ணாடியை மெதுவாகக் கழற்றும் கைக்கு அதிர்வுணரி அசையாமலும் இருக்கலாம் என்பதால், இச்சிறு முயற்சி வீண்போகாது.

இப்போது வெள்ளவத்தை வணிகரிடம் திரும்பலாம். அவருடைய கருவி மட்டமானதன்று. பூட்டியவர் தம் திறமையைக் காட்டுவதற்காக உணரியின் திருகை உச்சத்திலே வைத்துப் போயிருந்தார். கோட்டையிலிருந்து தெற்கே போகும் புகைவண்டி கடலோரம் ஓடும்போது நிலம் அதிரும், கார் அழுதது. வேல் விழாக் காலத்திலே வெடி வெடித்தது, கார் அழுதது. பூனை மேலே குதித்தது, அழுதது. கொட்டாஞ்சேனையிலே துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறி கடந்தபோதெல்லாம், பகலிலும் அழுதது. அயற்கடைக்காரர் முதலிற் சிரித்தனர், பின்னர் சினந்தனர், இறுதியிலே செவிடராயினர். ஊளைக்குழல்களிற் பல 110, 120 டெசிபெல் என்று குறிக்கப்பட்டவை. காதுக்கு நோவு தரும் எல்லைக்கு அண்மையானவை. சுவருக்கு அப்பால் நோயாளி ஒருவர் இருந்தால், அந்தச் சத்தமும் ஒரு களவே. அது உறக்கத்தைக் களவாடுகின்றது. ஒலிபெருக்கிகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓய்வு வேண்டுமென 2007ஆம் ஆண்டிலே இலங்கை உச்ச நீதிமன்றம் விதித்ததும் அயலவரின் உறக்கத்துக்கு மதிப்பளித்தே.

கண்ணாடி போன மறுவாரம் வணிகர் அனுபவமுள்ள ஒரு மின்வேலைப் பாஸைத் தேடிப் பிடித்தார். இணைப்புகள் திருத்தப்பட்டன, தொடக்கும் மோட்டாரின் சுற்றிலே ரிலே பூட்டப்பட்டது. பின்பு உணரியைச் சரிசெய்யும் வேலை. அதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் சென்றது. திருகைச் சிறிது குறைப்பார்கள். புகைவண்டி வரும்வரை காத்திருப்பார்கள். கார் கீச்சிடும். மீண்டும் குறைப்பார்கள், அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்கள். நான்காவது புகைவண்டி சென்றபோது கார் மௌனமாக நின்றது. பின்பு பாஸ் கதவுக் கண்ணாடியைக் கைமுட்டியால் ஓங்கித் தட்டினார். கார் முழுக்குரலில் அலறிற்று. “இப்போதுதான் இதற்குப் புத்தி வந்திருக்கிறது, முதலாளி” என்றார் அவர்.

வணிகர் அத்தோடு நிற்கவில்லை. ஒழுங்கையிலுள்ள வீடுகளுக்குச் சென்று தம் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தார். “இனிமேல் இது வீணாகக் கத்தாது. கத்தினால், தயவுசெய்து விளக்கைப் போட்டுவிட்டு என்னை அழையுங்கள். யாரேனும் தெரிந்தால் வெளியே இறங்க வேண்டாம், 119க்கு அறிவியுங்கள்” என்று கேட்டுக்கொண்டார். ஆசிரியை அந்தத் துண்டைத் தம் கணவரின் மருந்துப் பெட்டியின் மூடியிலே ஒட்டி வைத்தார். இரவிலே அவர் கை முதலிற் போவது அங்கேதான்.

மாதங்கள் சில கழிந்தன. கார் ஒருமுறையேனும் அழவில்லை. பின்பு ஓரிரவு, பெருமழையோடு காற்று வீசியபோது, அயல்மதிலிலிருந்து தேங்காய் ஒன்று காரின் கூரையிலே விழுந்தது. கார் அலறிற்று. அடுத்த கணம் எதிர்வீட்டிலே விளக்கு எரிந்தது. தொடர்மாடியின் மூன்றாம் தட்டிலே ஒரு யன்னல் திறந்தது. காவலாளி மின்சூளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வணிகரின் தொலைபேசி மூன்று முறை ஒலித்தது. முதலில் அழைத்தவர் ஆசிரியைதான். “தம்பி, உடனே பாருங்கள்; நான் யன்னலடியிலேதான் நிற்கிறேன்” என்றார்.

குடையோடு இறங்கி வந்த வணிகர் கூரையிலே விழுந்த பள்ளத்தைக் கண்டார். அதை நிமிர்த்தச் செலவு உண்டு. எனினும், அந்த மழையிலே தலைநிமிர்ந்து, வெளிச்சம் விழுந்த யன்னல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். ஏழு யன்னல்கள். தேங்காயைக் கையிலெடுத்து உயர்த்திக் காட்டினார். மூன்றாம் தட்டிலே யாரோ சிரித்தார்கள். பின்பு யன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின. ஒழுங்கை மீண்டும் உறங்கிற்று.